உன் அம்மாவை உள்ளே போகச் சொன்னவன் நான்தான்

சரவணா,

உன் நிச்சயதார்த்தத்துக்கு அம்மா வராமல் போனதற்கு நிவேதா காரணம் இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அன்று நாவலூர் மண்டப வாசலில், பூச்சரம் சுற்றிய தூணுக்குப் பக்கத்தில் என்னை ஓரமாக அழைத்துப் போய், "உண்மையச் சொல்லுங்கப்பா, அம்மாவுக்கு நிவேதாவைப் பிடிக்கலையா?" என்று கேட்டாய். "அதெல்லாம் இல்லைடா" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் "பின்னே ஏன் வரலை?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலை மகனிடம் சொல்லும் வாய் எனக்கு இல்லை. அதனால் தலையைக் குனிந்துகொண்டு, "அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். நீ அதையே பதிலாக எடுத்துக்கொண்டாய். அப்படித்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் விட்டேன். அன்றிலிருந்து நீ அம்மாவை ஃபோனில் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றே போனது. பத்திரிகை அடித்தது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது எல்லாம் என் ஃபோனுக்கு மட்டும் செய்தியாக வருகின்றன. அவளோ, விழாவுக்கு வராத கோபத்தில் பிள்ளை பேசவில்லை என்று நினைத்து, உன் பழைய சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் இருவருக்கும் நடுவில், எல்லாம் தெரிந்த நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதத்தான் நினைத்தேன். உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நாம் முன்பு இருந்த குடியிருப்பின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். "இதையே குடுங்க. என்ன மாதிரி எத்தினி பேரு உள்ள பூந்துகினு கீறாங்களோ! அவங்க வூட்டுக்காரங்களும் படிக்கட்டும்" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "புள்ளைங்க பேர மாத்திக்குங்க. உங்க பேர வேணா வுட்டுடுங்க, பயந்தாங்கொள்ளி" என்று அனுமதி கொடுத்தாள். ஆகவே சரவணன், நிவேதா என்பவை நான் வைத்த பெயர்கள். இது நீதான் என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதுவதற்கு முன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அறுபதைத் தாண்டியவன், விஞ்ஞானம் படித்தவன், பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தச் சொல்லுக்கு எனக்கு இவ்வளவு பயம். மூன்று வருடங்களாகவே அவளுக்கு அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பாள்; திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். முகம் சிவந்து, நெற்றியும் மேலுதடும் வேர்த்து, ரவிக்கை நனைந்துவிடும். சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும், இறங்கியதும் குளிரும். "நெஞ்சுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டிட்டுப் போன மாதிரி கீது" என்பாள். திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துப் பேச்சு அவளுக்கு. குடியிருப்பில் இருந்தவரை அதை மடித்து வைத்திருந்தாள். உடம்பு படுத்தும்போதும் கோபம் வரும்போதும் அது தானாக வந்துவிடும். இரவில் போர்வையைத் தள்ளுவாள், மறுபடி இழுத்துக்கொள்வாள். நீ வீட்டுக்கு வந்த நாட்களில் "அம்மா ஏன் எப்பவும் சிடுசிடுன்னு இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறாய். தூக்கம் இல்லாததால்தான். நான் "பிரஷர்" என்றேன். அவளுக்கு ரத்த அழுத்தம் கிடையாது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். உனக்கு அந்தச் சைரன் ஒத்திகைகள் நினைவிருக்கும். புதுப்பட்டினத்தை ஒட்டிய நம் குடியிருப்பில், அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று பழக்குவதற்காக அவ்வப்போது சைரன் ஒலிக்கும். வெளியில் இருப்பவர்கள் உடனே வீட்டுக்குள் போக வேண்டும், கதவு ஜன்னல்களைச் சாத்த வேண்டும், ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது. நம் பகுதியில் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு பல வருடம் என்னுடையது. நீ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் என் எலும்பில் ஊறிவிட்டது. அம்மாவின் முகம் சிவக்க ஆரம்பித்தால் எனக்குச் சைரன் கேட்ட மாதிரிதான். "எழுந்திரு, உள்ளே போ" என்பேன். அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவேன், மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பேன், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன், வந்தவர்களிடம் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு, சூடு வரக்கூடும் என்று தோன்றுகிற இடங்களுக்கு அவளைக் கூட்டிப்போவதையே நிறுத்தினேன். கோயில் வரிசை வேண்டாம், பக்கத்து வீட்டு வளைகாப்பு வேண்டாம், வங்கிக்கு நான் போகிறேன், காய்கறிக்கு நான் போகிறேன். எல்லாம் அவளுடைய நன்மைக்கு என்று நம்பினேன். உறவினர்கள் என்னைப் பாராட்டவும் செய்தார்கள். "மாமா மாதிரி தாங்குற ஆள எங்கியும் பாக்க முடியாது" என்று உன் மாமா ஏழுமலை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்க எனக்கு நன்றாகவே இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று காலை அவள் மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தாள். நிவேதாவுக்கு வைத்துக் கொடுப்பதற்கான பச்சைப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். கடை கடையாக ஏறி அவளே தேர்ந்தெடுத்த புடவை அது. அந்த ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். ஏழுமலை ஓட்டினார், அவருடைய மனைவி பின்னால் தட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டு வீட்டிலிருந்து கிளம்பித் திருப்போரூர் தாண்டும்போது சூடு வந்தது. ஏழுமலை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சம்மந்தி வூட்டுக்குப் போவச்சே மழையில நனைஞ்ச கோழியாட்டம் கீற?" என்று சிரித்தார். அவர் எதையும் கேலி செய்கிறவர், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நாவலூரில் உன் அலுவலக நண்பர்கள், சம்பந்தி வீட்டார், புகைப்படக்காரர்கள், இவர்கள் முன்னால் இந்த முகம் என்று நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். "செத்த நேரம் குடுங்க, அடங்கிடும்" என்றாள் உன் அம்மா. நான் கேட்கவில்லை. அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். ஆட்டோ வந்து நிற்கும்போது அவள் முகம் சாதாரணமாகியிருந்தது. வேர்வைகூடக் காய்ந்துவிட்டது. அப்போதும் நான் ஏறச் சொன்னேன், சரவணா. அவளும் ஏறினாள். மூன்று வருடம் "உள்ளே போ" என்று கேட்டுக் கேட்டு, வெளியில் இருக்கத் தனக்குத் தகுதியில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். பச்சைப் பட்டை என் கையில் கொடுத்து, "மடிப்பு கலையாம பாத்துக்குங்க" என்றாள். மேடையில் அதை நிவேதாவுக்குக் கொடுத்தது ஏழுமலையின் மனைவி. நிவேதாவின் அம்மா வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவள் என்னிடம் சொல்லாமலே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். "கல்யாணத்துக்குமா என்ன ஆட்டோல ஏத்தப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். நானும் கூடவே போனேன். பல பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். ஆனால் உன்னைப் பெற்ற பிறகு அம்மாவுக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, பல நாள் மருத்துவமனையில் இருந்தாள் அல்லவா; அந்தப் பழைய சீட்டுகளைப் பார்த்ததும், "ரத்தம் மறுபடி உறையலாம், உங்களுக்கு அது வேண்டாம், வேற வழி இருக்கு" என்று ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். வாசலுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "சூடு உடம்புல வருது. மண்டைய வைத்தியம் பண்றாங்களாம். எனக்கு இன்னா பைத்தியமா?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் பைத்தியம் என்ற சொல் ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்டுவிட்டதோ என்பதுதான் என் முதல் கவலையாக இருந்தது.

அந்த உளவியலாளர் சின்ன வயதுப் பெண். எடுத்தவுடனேயே, "இது உங்க கற்பனை இல்லம்மா, சூடு நிஜம். அது வராம பண்றேன்னு நான் சொல்லல. வரும்போது உங்களை அது படுத்துற பாட்டைக் குறைக்கலாம்" என்றார். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. மூன்று வருடத்தில் அவளிடம் பொய் சொல்லாமல் பேசிய முதல் ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் இந்தச் சிகிச்சையைச் சிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். சூடு ஏறும் அந்த நேரத்தில் மனதில் ஓர் எண்ணம் ஓடுகிறது: எல்லாரும் பார்க்கிறார்கள், அசிங்கம், இது அடங்கவே அடங்காது. அந்த எண்ணம் படபடப்பைக் கிளப்புகிறது, படபடப்பு சூட்டைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது. பயந்து எழுந்து ஓடினால் அப்போதைக்கு நிம்மதி. ஆனால் ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. ஆகவே ஓடக் கூடாது. தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சு விட வேண்டும். சூடு ஏறும், இறங்கும், அதை அதன் போக்கில் விட வேண்டும். எல்லாரும் பார்க்கிறார்களா என்று நிஜமாகவே நிமிர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவரவர் அவரவர் சாப்பாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவுக்கும் வழி சொன்னார். விழித்துக்கொண்டால் நாளைக்கு என்ன ஆகுமோ என்று கணக்குப் போடாமல், போர்வையை விலக்கி, அதே மூச்சை விட்டுவிட்டுப் படுக்க வேண்டும். சரியாகத் தூங்காவிட்டாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். அம்மா வாரந்தோறும் போனாள். வீட்டில் பயிற்சி செய்தாள். அரிசி களைந்துகொண்டே மூச்சு விடுவாள். நான் போய் "சரியா விடறியா?" என்று பார்த்தால், "மேஸ்திரி, அந்தாண்ட போங்க" என்பாள்.

ஒருநாள் வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னார் அந்தப் பெண். "சூடு வரும்போது நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார். நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். எழுப்புவது, அறை, கதவு, மின்விசிறி, தண்ணீர், விருந்தாளி என்று ஒன்றன்பின் ஒன்றாக. கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "அப்ப உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்?" என்றார். அம்மா புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு சொன்னாள்: "அந்த நேரத்துல இவர் என்னப் பாக்கவே மாட்டாரு மேடம். வேற யாரு பாக்கறாங்கன்னு சுத்திச் சுத்திப் பாப்பாரு." குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ கடிகாரம் ஓடவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் காது சுட்டது, கழுத்து சுட்டது, முதுகு வேர்த்தது. எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று கால் துடித்தது. அப்போது அம்மா, "மூச்சு விடுங்க, அடங்கிடும்" என்றாள்.

மூன்று வருடமும் நான் காப்பாற்றியது உன் அம்மாவை இல்லை, என்னை. அவள் வேர்த்தால் எனக்கு வெட்கம். ஐம்பதைத் தொட்ட எல்லாப் பெண்களுக்கும் நடக்கிற ஒன்று என் வீட்டில் நடப்பது பிறருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். அந்த வெட்கத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்து, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். சைரனாவது கடைசியில் ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும். நான் அவளுக்கு அந்த அறிவிப்பை ஒருநாளும் கொடுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஏழுமலையின் பேத்திக்குக் காது குத்தல். "போறோம்" என்றாள் அம்மா. கல்யாண மேடைக்கு முன்னால் தனக்கு ஒரு பரீட்சை வேண்டும் என்றாள். மண்டபத்தில் குளிர்சாதனம் சரியாக வேலை செய்யவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சூடு வந்தது. எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கழுத்து சிவப்பதைப் பார்த்ததும் என் கை தானாக இலையை மூடப் போனது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. தோளை இறக்கினாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், மெதுவாக மூச்சு விட்டாள், ரசத்துக்குக் குழி பறித்தாள். அந்த நேரம் பார்த்து ஏழுமலை பந்தி விசாரிக்க வந்தார். "இன்னாக்கா, சாம்பார் அவ்ளோ காரமா? இப்டி ஊத்துது!" பக்கத்து இலைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். அம்மா ஈர முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்து, "காரமும் இல்ல ஒண்ணும் இல்ல, மெனோபாஸ்டா. உம் பொண்டாட்டிக்கும் வந்துகினேதான் கீது. போய் ஒரு விசிறி வாங்கி வெய்யி" என்றாள். ஏழுமலை கையில் அப்பளக் கூடையோடு நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "நல்லாக் கேளு அண்ணி, என்னமோ நான் வேணும்னு வேர்க்கிற மாதிரி பேஜாரு பண்ணிகினு கீறாரு" என்றார். பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அம்மாவின் முகமும் பழையபடி ஆகிவிட்டது. பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். நான்தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். "பாத்தீங்களா, வானம் ஒண்ணும் இடிஞ்சி வுழலையே" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு, "மேடையில உக்காந்துடுவேன். ஆனா அவன்தான் எங்கிட்ட பேச மாட்டேன்றான். எம் மேல கோவம் போல" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மண்டப வாசலில் நீ கேட்டதையும் நான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. பழக்க தோஷம், "வா, அந்த நிழலுக்குப் போகலாம்" என்றேன். "இது சூடு இல்ல, கோவம்" என்றாள். "வித்தியாசம் தெரிஞ்சுக்குங்க. ரெண்டு மாசமா எம் புள்ள, அந்தப் பொண்ண எனக்குப் புடிக்கலன்னு நெனச்சுகினு கீறான். அந்தப் பொண்ணும் அப்டியே நெனச்சுகினு கீறா. ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா கேடு?" அங்கே சுற்றுலா வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் சுற்றிப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "நான் ஃபோன்ல சொன்னா உங்களுக்குப் பரிஞ்சுகினுதான் சொல்லுவேன். நீங்களே எழுதுங்க" என்று பேனாவை எடுத்து வைத்தாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீ இனி ஒரு பெண்ணோடு வாழப் போகிறவன். நிவேதாவின் உடம்பில் வருடங்கள் போகப் போகப் பல மாற்றங்கள் வரும். என்ன செய்யலாம் என்று அவளுக்காக நீயாக முடிவு கட்டாதே, அவளைக் கேள். அவள் "கொஞ்ச நேரம் கொடு" என்றால் கொடு. உனக்கு வெட்கமாக இருந்தால், வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. என்னைப் போல அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளாதே. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. இதுவே சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிடு. பேசி முடித்து ஃபோனை நிவேதாவிடம் கொடு. பச்சைப் பட்டைப் பற்றி அம்மா அவளிடம் ஏதோ கேட்க வேண்டுமாம், கரை பிடித்ததா என்று. கல்யாணத்தன்று ஹோமப் புகைக்கும் விளக்குகளுக்கும் நடுவில் உன் அம்மா மேடையில் உட்காருவாள். அவளுக்குச் சூடு வரும், அநேகமாக நிச்சயம் வரும். நீ பதறாதே, யாரையும் விலகச் சொல்லாதே, விசிறாதே. அவள் பார்த்துக்கொள்வாள். நீ கவனிக்க வேண்டியது என்னை. இத்தனை வருடப் பழக்கம் ஒரு மாதத்தில் போய்விடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் முகம் சிவந்ததும் யார் யார் பார்க்கிறார்கள் என்று என் தலை மண்டபத்தின் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பினால், மாலையும் கழுத்துமாக இருந்தாலும் பரவாயில்லை, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி "அப்பா" என்று ஒரு குரல் கொடு. நான் அவள் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உன் அப்பா